பலாலியை நீட்டுவதற்கு முன்னால்: விமானத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும், விமான நிலையங்களை நடத்தும் அரச நிறுவனத்துக்கும், இரண்டுக்கும் பொறுப்பான அமைச்சுக்கும்,

வணக்கம்.

பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று இருக்கிறது. எங்களுக்கு அது பலாலி. ஆட்சி மாறினாலும் அமைச்சர் மாறினாலும் அங்கே வருகிறவர்கள் ஒரு வாக்குறுதியை மறக்காமல் கொண்டுவருகிறார்கள்: ஓடுபாதையை நீட்டுவோம், பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும். ஊரில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பெரிதாக ஏதும் வரப்போகிறது என்றால் கைதட்டாமல் என்ன செய்வது?

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஓடுபாதையை ஒருநாளும் நீட்டக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இப்போது இருக்கும் நீளத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது எவ்வளவோ கிடக்கிறது. அதை முதலில் செய்யுங்கள். நீட்டப்போகும் திசையில் யாருடைய காணி இருக்கிறதோ அவர்களோடு கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அளவுநாடாவைக் கையில் எடுங்கள். இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பலாலி நேற்று முளைத்த நிலையம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் தன்னுடைய முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, அந்த டகோட்டா விமானம் கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பி இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அதாவது நாட்டின் தேசிய விமான சேவையினுடைய முதல் தரிப்பிடமே எங்கள் பலாலிதான். பிறகு திருச்சிக்கும் இங்கிருந்து விமானம் பறந்தது. காலையில் போய்ப் படம் பார்த்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தோம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி மிகைப்படுத்துகிற அளவுக்காவது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் பலாலி என்றால் இராணுவ முகாம். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்ட காலங்களில், 2006 ஆகஸ்டுக்குப் பிறகும்தான், கொழும்புக்குப் போக கப்பலும் விமானமுமே வழி; அதற்கும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி வேண்டும். 1998 செப்டம்பர் 29இல் இங்கிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அந்த நினைவுகளோடுதான் எங்கள் ஊர் வயதானவர்கள் இன்றும் விமானமேறுகிறார்கள். 2019 அக்டோபர் 17இல் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்க, நிலையம் மீண்டும் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் ஒழுங்கான சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொவிட் வந்து எல்லாம் நின்றது. 2022 டிசம்பரில்தான் திரும்ப ஆரம்பம். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்தது.

இத்தனையும் ஏ.ரி.ஆர். 72 என்ற, எழுபது சொச்சம் பேர் ஏறும் விசிறி (புரொப்பெல்லர்) விமானத்தால் நடந்தது. ஜெட் இல்லாமல்தான் நடந்தது. உங்கள் கூட்டங்களில் இதை யாராவது சொல்கிறார்களா என்று தெரியவில்லை. அதனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 350 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. திருச்சி 200 கிலோமீற்றர்கூட இல்லை. மதுரை கிட்டத்தட்ட நேர்மேற்கே, 220 கிலோமீற்றருக்குள். ஏ.ரி.ஆர். மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். ஜெட் அதைவிட வேகம்தான்; ஆனால் இந்த மாதிரிக் குறுந்தூரத்தில் ஜெட் உயர ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். சென்னைக்கு மிஞ்சிப்போனால் ஒரு கால் மணி, இருபது நிமிடம் மிச்சமாகும். குடிவரவு வரிசையில் அந்த இருபது நிமிடம் கரைந்துவிடும். இந்தத் தூரத்துக்கு எரிபொருள் செலவும் விசிறி விமானத்தில் குறைவு. அதனால்தான் இந்தியாவின் சிறிய ஊர்களுக்கும் விமான நிறுவனங்கள் அதையே அனுப்புகின்றன.

இருக்கைக் கணக்கு இதைவிட முக்கியம். ஏ320 போன்ற ஜெட் விமானத்தில் 180 பேர் அளவில் ஏறலாம். நல்லூர்த் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் அது நிரம்பும். மாரிகாலத்து ஒரு செவ்வாய்க்கிழமை நிரம்புமா? நிரம்பாவிட்டால் நிறுவனம் என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நாளாந்தச் சேவையை வாரத்துக்கு மூன்றாகக் குறைக்கும், பிறகு இரண்டாக்கும். வேலூருக்கு மருத்துவத்துக்குப் போகிறவருக்கும், சிதம்பரத்துக்கு நேர்த்திக்கடனோடு போகிறவருக்கும், கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகும் குடும்பத்துக்கும் தேவை, தாங்கள் நினைத்த நாளில் ஒரு விமானம் இருப்பது. எழுபது பேர் விமானம் தினமும் காலையும் மாலையும் வந்து போனால், அது வாரம் மூன்று முறை வரும் ஜெட்டைவிட அவர்களுக்கு உதவும். நாலு பேருக்குச் சோறு வடிக்கக் கோயில் கிடாரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை.

நீளம் மட்டும் ஒரு விமான நிலையத்தை வாழவைக்காது என்பதற்கு நீங்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். அம்பாந்தோட்டையில் மத்தள விமான நிலையம் இருக்கிறது. 2013 மார்ச்சில் திறந்தீர்கள். 3,500 மீற்றர் ஓடுபாதை. உலகிலேயே பெரிய பயணிகள் விமானமான ஏ380கூட இறங்கலாம். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் என்று கணக்குப் போட்டுக் கட்டினீர்கள். விமானங்கள் ஒவ்வொன்றாக விலகின, சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கும் நிலை வந்தது. அந்தக் கடனில் எங்கள் பங்கையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். மத்தளயைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அம்பாந்தோட்டை மக்களுக்கும் விமானம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. முதலில் தார், பிறகு பயணி என்ற ஒழுங்குதான் பிழை.

சரி, இருக்கிற ஓடுபாதையில் என்ன செய்யலாம்?

முதலாவது, இணைப்பு ரிக்கெட். புலம்பெயர்ந்தவர்கள் பலாலிக்கு வரவேண்டும் என்று எல்லா அமைச்சர்களும் ஆசைப்படுகிறார்கள். இலண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ ஒருவர் சென்னைக்கு ஒரு நிறுவனத்திலும், சென்னையிலிருந்து பலாலிக்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாக ரிக்கெட் எடுத்தால், சென்னையில் குடிவரவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். இரண்டு மணிநேர இடைவேளைக்காக ஒரு நாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க யாருக்கு மனம் வரும்? வயதான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறவர் நேரே கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கி, வான் வண்டி பிடித்து, இரவிரவாக 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்துவிடுகிறார். ஒரே ரிக்கெட்டில் பெட்டி பலாலிவரை போகும்படி விமான நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் செய்ய வைப்பது உங்களால் முடியாத காரியமல்ல. சென்னை அதிகாரிகளோடும் பேச வேண்டியிருக்கும். பேசுங்கள். இதற்கு ஓரடி தார்கூட வேண்டாம். திருச்சியிலும் இதையே செய்தால், அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நாடுகள் எல்லாவற்றுக்கும் வழி திறக்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற வடக்குப் பெடியன்கள் எத்தனை பேர் என்பதைக் கட்டுநாயக்காவுக்குப் போகும் இரவு பஸ்களில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது எடை. பயணிகள் அதிகம் சலித்துக்கொள்வது பெட்டியின் எடையைப் பற்றித்தான். இதில் ஒரு பகுதி நிறுவனத்தின் விலைக்கொள்கை, இன்னொரு பகுதி இயற்பியல். ஏ.ரி.ஆர். 72 முழு எடையோடு, கடல்மட்டத்தில், சாதாரண வெப்பநிலையில் புறப்படச் சுமார் 1,300 மீற்றர் வேண்டும். ஏ320 வகைக்குச் சுமார் 2,000 மீற்றர். வெயில் ஏற ஏறக் காற்று மெலியும். அதே தூக்குவிசை கிடைக்க விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும், அதற்கு இன்னும் நீளம் வேண்டும். நீளத்தைக் கூட்ட முடியாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். எடை என்றால் ஒன்று ஆட்கள், இல்லை பெட்டிகள். அப்படியானால் புறப்படும் நேரத்தை வெயில் ஏறுவதற்கு முன் வைக்க முடியுமா என்று நிறுவனங்களோடு சேர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, முடியாதென்றால் ஏன் முடியாது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எங்களுக்கு விளங்காது என்று நினைக்க வேண்டாம். மீனவர் ஊர் இது, காற்றையும் எடையையும் பற்றி நன்றாகவே விளங்கும்.

மாரிகாலம் இன்னொரு தலைவலி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையும் தாழ்ந்த முகிலும் கொண்டுவரும். பார்வைத் தூரம் குறையும்போது விமானி பாதுகாப்பாக இறங்க வழிகாட்டும் ஏற்பாடுகள் எவ்வளவு நல்லவையோ, அவ்வளவுக்குத்தான் அந்த மாதங்களில் சேவையை நம்பலாம். செய்மதியைக் கொண்டு வகுக்கப்படும் இறங்குவழிமுறைகள் இன்று உலகம் முழுக்கச் சிறிய நிலையங்களில் பாவனையில் இருக்கின்றன. அதற்கு ஓடுபாதையின் முனையில் பெரிய கருவிகள் நடவேண்டியதில்லை; அளவை செய்து, வழிமுறை வகுத்து, பறந்து சரிபார்த்து, வெளியிட வேண்டும். அது நீங்கள் மேசையில் செய்யும் வேலை. பணம் ஒதுக்குவதாக இருந்தால் முதல் ரூபாய் இதற்குப் போகட்டும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஏ.ரி.ஆரின் பின்கதவே படிக்கட்டாக இறங்குகிறது. நெஞ்சுநோய்க்காரருக்கும் முழங்கால் தேய்ந்த ஆச்சிக்கும் அந்தச் சில படிகள் மலை. சென்னைக்குப் போகிறவர்களில் கணிசமானோர் நோயாளிகள். அவர்களுக்குச் சக்கர நாற்காலியும் ஏற்றிவிடச் சாய்தளமும் கேட்காமலே தயாராக இருக்க வேண்டும். சேவை ரத்தானால் விமான நிலையத்தில் பதில்சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும், தமிழில். இந்தியாவில் எங்கோ இருக்கும் அழைப்பு நிலையத்தின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டக்கூடாது. இதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே போடலாம்.

உள்நாட்டுச் சேவையை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே சொல்வேன். சர்வதேசம் என்ற சொல்லுக்கு இருக்கிற மவுசு உள்நாட்டுக்கு இல்லை. பலாலி–இரத்மலானை வழியில் சாதாரண உத்தியோகத்தர் ஒருவர் வாங்கக்கூடிய விலையில், காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய சேவை ஒன்று வேண்டும். கொழும்பில் ஒரு கையெழுத்துக்காக, ஒரு மருத்துவ நிபுணருக்காக, ஒரு நேர்முகத் தேர்வுக்காக இரண்டு இரவுகளைப் பஸ்ஸில் கழிக்கும் மக்கள் நாங்கள். ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்ததைப் பெரிய நன்மையாகவே நினைக்கிறோம். ஆனால் அவசரத்துக்கு ரயில் போதாது. சிறிய விமானங்களுக்கு இப்போதுள்ள ஓடுபாதை தாராளம்.

இனிக் காணி. மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

1990 ஜூனில் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் போரால் எழும்பிப் போனார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, கட்டுவன் என்று ஊர் ஊராகப் போனார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோனவர்கள் பலர். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. ஒரு தலைமுறை இடம்பெயர்ந்தோருக்கான நலன்புரி நிலையங்களில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டியது. போர் முடிந்து நான்கு வருடங்கள் ஆனபின், 2013இல், 6,381 ஏக்கரைப் பொதுத்தேவைக்குச் சுவீகரிக்கப்போவதாகக் காணி எடுத்தல் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது அந்த அறிவித்தல். காணிக்காரர் சில மைல் தூரத்தில் கொட்டிலுக்குள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காணி உறுதிப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடப்பட்டன. எல்லாம் விடப்படவில்லை.

அது சாதாரண மண் அல்ல. வலிகாமத்துச் செம்மண். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை என்று வருடம் முழுக்க ஏதாவது விளையும். அங்கே கொஞ்சம் தோட்டக்காணி வைத்திருந்தவர் யாரிடமும் கைநீட்டாமல் பிள்ளைகளைப் படிப்பித்தார். ஓடுபாதையை நீட்ட வேண்டும், பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும், புதிய முனையம் கட்ட வேண்டும் என்று நீங்கள் வரைபடத்தில் கோடு போடும்போது அந்தக் கோடு இப்படி ஒரு தோட்டத்துக்கு மேலாகத்தான் போகும்.

விமான நிலையத்துக்குக் காணி எடுப்பதை மக்கள் எல்லோரும் எதிர்க்கிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது உண்மையல்ல. அந்தக் காணிக்காரரின் பிள்ளைகளே வெளிநாட்டில் இருக்கிறார்கள். பலாலிக்கு விமானம் வருவதில் அவர்களைவிடச் சந்தோஷப்படுபவர்கள் யார்? அவர்கள் கேட்பது வேறு. விமான நிலையத்துக்கு உண்மையிலேயே எத்தனை ஏக்கர் வேண்டும்? முகாமுக்கு எத்தனை ஏக்கர் போயிருக்கிறது? இராணுவத்தின் கையில் இருக்கும் நிலத்துக்குள்ளேயே விமான நிலையத்தின் தேவையை அடக்க முடியாதா? அபிவிருத்தி என்ற பெயரில் விமான நிலையத்தைக் காட்டி முகாமின் எல்லையை நிரந்தரமாக்கும் வேலை நடக்கிறதா? முப்பத்தைந்து வருடமாகத் தன் தோட்டத்தைக் கம்பிவேலிக்கு இப்பால் நின்று பார்த்தவர் இந்தச் சந்தேகத்தைக் கேட்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆகையால் நான் கேட்பது, உங்கள் நீட்டிப்புத் திட்டத்தின் வரைபடத்தைத் தமிழில், காணித்துண்டு இலக்கங்களோடு, தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் ஒட்டுங்கள். எந்தத் துண்டு ஓடுபாதைக்கு, எது பாதுகாப்பு இடைவெளிக்கு, எது முனையத்துக்கு, எது படையினருக்கு என்று நிறம் பிரித்துக் காட்டுங்கள். விமான நிலையத்துக்கு வேண்டாத துண்டுகளை விடுவிக்கும் திகதியையும் அதே வரைபடத்தில் எழுதுங்கள். எடுக்கும் காணிக்கு இன்றைய சந்தை விலை, அதோடு காணியில்லாமல் கழிந்த வருடங்களின் வருமான இழப்பு, விரும்புகிறவருக்கு அருகிலேயே மாற்றுக்காணி. உறுதி தொலைந்தவருக்கு, உரிமையாளர் இறந்து வாரிசுகள் நான்கு நாடுகளில் சிதறியிருப்பவருக்கு, ஒரு நடமாடும் காணிச் சேவை. வாரிசுகள் தூதரகத்தில் கையெழுத்திட வழி செய்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

இதெல்லாம் முடியும்வரை நீட்டிப்பு நிற்கட்டும். நின்றால் நட்டம் இல்லை. மேலே சொன்ன வேலைகள் அந்த இடைவெளியை நிரப்பப் போதுமானவை. சேவைகள் பெருகி, ஏ.ரி.ஆர்.கள் மாதக்கணக்காக நிரம்பி வழிந்து, இடம் போதாமல் பயணிகள் திரும்பிப் போகிறார்கள் என்று உங்கள் கணக்கே காட்டினால், அன்றைக்கு நீட்டிப்பைக் கேட்டு முதல் மடலை நானே எழுதுவேன். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் ஆரவாரமாகத் தொடங்கிச் சில நாட்களில் நின்று, பிறகு 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியதைப் பார்த்தோம். தொடக்க விழாக்களில் எங்களுக்கு இப்போது பெரிய ஈர்ப்பு இல்லை.

இராணுவ அலுவலகங்களோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்கும் என்பதால் இன்னொன்று. 2025 ஏப்ரலில் வசாவிளான் பக்கமிருந்து பலாலிக்குப் போகும் வீதியைத் திறந்தார்கள். நல்லது. ஆனால் இந்த நேரத்துக்குள்தான் போகலாம், நடந்துபோகக்கூடாது, நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற பலகையோடு திறந்தார்கள். விமானம் பிடிக்கப் போகிறவர் வழியில் எத்தனை நிபந்தனைகளை வாசிக்க வேண்டும்? பயணியும், வழியனுப்ப வருகிறவரும், ஓட்டோக்காரரும் ஒரு சாதாரண பொது வீதியால் போவதைப்போல முனையத்தின் வாசல்வரை போய்வர வேண்டும். விமான வருகைக்குப் பொருந்தும் நேரத்தில் யாழ் பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ் வேண்டும். இப்போது வெளியே வருகிறவர், 16 கிலோமீற்றர் தூரமுள்ள நகரத்துக்குப் போக வாகனக்காரர் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸை விடுவது போக்குவரத்துச் சபையின் வேலை, உங்களுடையதல்ல என்று பதில் வரும். அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன். வரைபடத்தை ஒட்டும் திகதியை அதில் குறிப்பிட்டால் போதும். மிச்சத்தை அங்கே வந்து நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு பயணி